முதுகலையா? முனைவர் பட்டமா?



நம் பள்ளியைச் சுற்றி எங்கு நோக்கினும் உழைப்பே கண்ணில் படும். ஒரு புறம் துறைமுகத்தின் பளுதூக்கிகள். மறு புறம் காசிமேட்டில் வலையும் ஐஸ் பெட்டியுமாக விடியுமுன்பே தொடங்கும் மீன் ஏலம். சற்று வடக்கே சென்றால் திருவொற்றியூரும் எண்ணூரும் மணலியும் ஆலைகளால் நிறைந்து நிற்கின்றன. சாலை நெடுக வரிசையில் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் காணாமல் நம்மில் பலர் பள்ளிக்கு வந்து சேர முடியாது. உங்களுள் பெரும்பாலோர் இவ்வுழைப்பாளிகளின் மக்கள்.

சென்ற ஆண்டு மேற்படிப்பு பற்றிய வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பிளஸ் டூ மாணவி ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். அவளுடைய தந்தை எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் முறைப்பணி செய்பவர். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. தாயார் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர்.

"டீச்சர், எங்க அப்பா நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா யார்கிட்டேயும் பேச மாட்டாரு. தம்பி கொஞ்சம் சத்தம் போட்டாலும் கோபம் வந்துடும். பகல் ஷிப்டு வாரத்துல அவரைப் போல நல்லவர் கிடையாது. இது ஏன்னு ஆராயற படிப்பு ஒண்ணு இருக்காமே? அதுல எம்.எஸ்சி. படிச்சா போதுமா, இல்லே டாக்டர் பட்டம் வரைக்கும் போகணுமா?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பி வைத்தேன். அன்று முதல் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள் அனைவர்க்கும் பயன்படட்டும் என்று இங்கு எழுதுகிறேன்.

உழைப்பவரின் மனத்தை அறியும் இயல்

அவள் கேட்ட படிப்புக்குத் தொழிலக உளவியல் என்று பெயர். வேலை செய்யும் மனிதரின் மனத்தையும் நடத்தையையும் ஆராய்வது இது. எவரை எந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பது? எப்படிப் பயிற்சி அளிப்பது? களைப்பும் விபத்தும் ஏன் நேர்கின்றன? மேற்பார்வையாளரின் ஒரு சொல் தொழிலாளியின் நாள் முழுவதையும் ஏன் கெடுக்கிறது? இவையெல்லாம் இவ்வியலின் கேள்விகள். மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியல் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக் கொண்டு தவறான வகுப்பில் சேருவோர் உண்டு. ஆகவே இதனை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

அம்மாணவியின் தந்தையையே எடுத்துக் கொள்வோம். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இருட்டினால் உறங்கவும் வெளுத்தால் விழிக்கவும் அது உடலைப் பழக்குகிறது. இரவுப்பணி செய்பவர் அக்கடிகாரத்தோடு போராடுகிறார். அவர் பகலில் உறங்கும் உறக்கம் இரவு உறக்கத்தைக் காட்டிலும் குறுகியது. வெயிலும் இரைச்சலும் அதனையும் கலைத்து விடும். அவருக்கு வரும் எரிச்சல் குணக்கேடன்று, உறக்கக் கடன். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி நகரும் ஷிப்டு, பின்னோக்கி நகரும் ஷிப்டைவிடப் பொதுவாக உடலுக்கு எளிது என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர். ஷிப்டு அட்டவணை எழுதுபவர் இதனை அறிந்திருந்தால் எத்தனை வீடுகளில் அமைதி நிலவும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வியல் மிகப் பழமையானதன்று. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் என்பவர், டிராம் வண்டி ஓட்டுநர்களுக்குச் சோதனைகள் வைத்து, விபத்தின்றி ஓட்டவல்லவர் யார் என்று அறிய முயன்றார். தொழிலும் உளவியலும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1913இல் வெளிவந்தது. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1916இல் உளவியல் துறை தொடங்கப்பட்டது. நம் சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1943இல் அத்துறை தோன்றியது.

ஆனால் இக்கேள்விகள் நம் வட்டாரத்தில் பட்டங்களுக்கு முன்பே எழுந்து விட்டன. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள், நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்றும் மேற்பார்வையாளர்கள் கடுமையாக நடத்துகிறார்கள் என்றும் குமுறிக் கொண்டிருந்தனர். அக்குமுறலுக்குச் செவி சாய்த்தவர்களுள் செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் குறிப்பிடத்தக்கவர்கள். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதில் பெரும்பங்கு கொண்டார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதனைப் போற்றுகிறது. அவர்களுக்கு உளவியல் பட்டம் ஏதும் இல்லை. கேட்கும் காது இருந்தது. எந்தப் பட்டத்திற்கும் அடிப்படை அதுவே.

கருவியை ஏந்துவதும் கருவியை ஆக்குவதும்

இனி நம் கேள்விக்கு வருவோம். முதுகலை என்பது ஒரு படி, முனைவர் பட்டம் அதற்கு மேற்படி, ஆகவே மேலே ஏறுவதுதான் சிறப்பு என்று பலரும் நினைக்கின்றனர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சரியன்று. இவ்விரண்டும் இரு வேறு வேலைகளுக்கான பயிற்சிகள். நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

1856 ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் நம் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. இன்றும் இங்கே மின்சார இரயில் எஞ்சின் பணிமனை உள்ளது. இரயில் எஞ்சின் ஓட்டுநராகச் சேர விரும்பும் ஒருவர் எழுத்துத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது. கணினி வழியாக நடக்கும் ஓர் உளவியல் திறனறி தேர்விலும் தேற வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே 42 என்னும் தர மதிப்பெண்ணைப் பெற வேண்டும். எவருக்கும் இதில் சலுகை கிடையாது. ஆயிரக்கணக்கான பயணிகளின் உயிர் அந்த ஓட்டுநரின் கவனத்தில் அல்லவா தொங்குகிறது!

இத்தேர்வைச் சுற்றி இரண்டு வேலைகள் உள்ளன. தேர்வை முறைப்படி நடத்தி, மதிப்பெண்ணின் பொருளைச் சரியாகப் படித்து, எவரைச் சேர்க்கலாம், எவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று கூறுவது ஒன்று. இத்தேர்வு உண்மையிலேயே கவனத்தை அளக்கிறதா, இதில் தேறியவர்கள் பிற்காலத்தில் குறைந்த தவறுகளே செய்கிறார்களா, எல்லைக்கோடு ஏன் 42, வேறு எண்ணாக இருந்தால் என்ன என்று சோதித்துத் தேர்வையே ஆக்குவது மற்றொன்று. இரயில்வேயில் இத்தகைய ஆராய்ச்சிக்கென லக்னோவிலுள்ள ஆராய்ச்சி நிறுவனத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. முதல் வேலைக்குரிய பயிற்சி முதுகலை. இரண்டாவது வேலைக்குரிய பயிற்சி முனைவர் பட்டம். கருவியைத் திறம்பட ஏந்துவது முன்னது. கருவியை ஆக்குவதும் ஆக்கிய கருவியை ஐயுறுவதும் பின்னது.

மற்றுமோர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே ஹாதார்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை புகழ்பெற்ற சோதனைகள் நடந்தன. 1927இல் தொலைபேசி உறுப்புகளைக் கோக்கும் சில பெண் தொழிலாளர்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். பெரும்பாலான மாற்றங்களின்போதும் உற்பத்தி கூடியது. தம்மீது அக்கறை காட்டுகிறார்கள் என்ற உணர்வே காரணம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. முதுகலை மாணவி இச்சோதனையைப் படித்து, மனித உறவின் மதிப்பை உணர்ந்து, தன் தொழிற்சாலையில் பயன்படுத்துகிறாள். ஆனால் 1970களிலும் அதன் பின்னும் சில ஆய்வாளர்கள் அப்பழைய புள்ளிவிவரங்களை மீண்டும் எடுத்துக் கணக்கிட்டு, முன்னோர் கூறிய முடிவு அத்தனை உறுதியானதன்று என்று காட்டினர். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பதே முனைவர் பட்ட ஆய்வாளரின் தொழில்.

ஆண்டுக் கணக்கும் பணக் கணக்கும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆயுளைப் போடும்போது அளக்காமல் இருக்கலாமா?

பிளஸ் டூ முடிக்கும்போது உங்களுக்கு வயது 17 அல்லது 18. மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுகலை, ஆக ஐந்து ஆண்டுகள். 22 அல்லது 23 வயதில் முதுகலைப் பட்டத்தோடு வேலை தேடலாம். முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக் கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 3 ஆண்டும் மிகுதியாக 6 ஆண்டும் வகுத்துள்ளன. மறுபதிவின் பேரில் மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண் ஆய்வாளர்க்கு அதற்கு மேலும் 2 ஆண்டுச் சலுகையும், மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 26 வயதுக்கு முன் முடிப்பது அரிது. பலருக்கு 29, 30 ஆகி விடுகிறது.

முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர் 75 விழுக்காடு பெற்றிருந்தால் முதுகலை இல்லாமலே சேரவும் 2022 விதிகள் இடம் தந்தன. முன்பு இரண்டுக்கும் நடுவே இருந்த எம்.ஃபில். பட்டம் அவ்விதிகளோடு நிறுத்தப்பட்டது. ஆகவே 'எம்.ஃபில். படித்துப் பார்த்து முடிவு செய்யலாம்' என்ற பழைய வழி இப்போது இல்லை.

பணத்தைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசுவோம். முதுகலைக்கு நாமே கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். படித்து முடித்தால் ஊதியம். முனைவர் பட்டத்திற்கு நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டபடி முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். உதவித்தொகைக்குரிய வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. அத்தொகை கிடைத்தால் வீட்டுக்குப் பாரமாக இராமல் ஆய்வு செய்யலாம். கிடைக்காவிட்டால் நான்கைந்து ஆண்டு வருமானமின்றி ஓட்டுவது நம் போன்ற குடும்பங்களுக்கு எளிதன்று. இன்னொரு செய்தி: அரசுப் பள்ளி மாணவியர்க்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்புக் காலத்துப் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உதவும்.

அயல்நாட்டு வழி சற்று வேறு. அமெரிக்காவில் இவ்வியலில் முதுகலை ஏறத்தாழ இரண்டாண்டு. டாக்டர் பட்டம் நான்கைந்து ஆண்டுக்கு மேலும் ஆகும். அங்கே இளநிலையிலிருந்தே நேராக டாக்டர் பட்டத்தில் சேருவோர் மிகப் பலர். டாக்டர் பட்ட மாணவர்க்குப் பல பல்கலைக் கழகங்கள் கட்டணத்தை விட்டுக் கொடுத்து உதவித்தொகையும் தருகின்றன. முதுகலை மாணவரோ பெரும்பாலும் தம் செலவில் படிக்கின்றனர். அந்நாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கும் அப்படியே என்று எண்ணி ஏமாறலாகாது.

எந்தப் பட்டத்திற்கு எந்த வாயில்?

முதுகலை முடித்தவர்க்குத் திறக்கும் வாயில்கள், தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மனிதவளத் துறை, ஆள்தேர்வு, பயிற்சி, பாதுகாப்புக் கல்வி, தொழிலாளர் கருத்தாய்வு ஆகியன. தொழிலாளர் நல அலுவலர் பதவியும் நம் வட்டாரத்திற்கு நன்கு அறிமுகமானது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. ஆனால் இப்பதவிக்குச் சமூகப்பணி அல்லது தொழிலாளர் நலம் சார்ந்த பட்டத்தையே விதிகள் கேட்பது வழக்கம். வெறும் உளவியல் முதுகலை போதும் என்று நம்பிச் சேர்ந்து பின்னர் வருந்த வேண்டாம். சேருமுன் விதியைப் பாருங்கள்.

நுங்கம்பாக்கத்திலுள்ள மகளிர் கிறித்துவக் கல்லூரியில் உளவியல் பயிலலாம். எழும்பூரில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளி சமூகப்பணிக்கும் மனிதவளப் படிப்புக்கும் பெயர் பெற்றது. சென்னையில் அரசின் தொழிலாளர் கல்வி நிலையமும் உள்ளது. வெளியூர் செல்ல இயன்றவர்க்கு மும்பையில் 1936இல் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், ஜாம்ஷெட்பூரில் 1949இல் இயேசு சபைத் துறவியர் நிறுவிய சேவியர் தொழிலாளர் உறவு நிலையமும் உண்டு.

முனைவர் பட்டம் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் வழி திறக்கிறது. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். உதவிப் பேராசிரியராகச் சேர நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமன்று என்று 2023 ஜூலையில் மானியக் குழு திருத்தம் செய்தது. ஆனால் அதற்கு மேல் இணைப் பேராசிரியராக உயர 2018ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்தை வேண்டின. ஆகவே கல்லூரியில் கற்பிப்பது மட்டுமே விருப்பமானால், நுழைவாயிலில் வேண்டுவது முதுகலையும் நெட் தேர்ச்சியுமே.

இரு பெண்மணிகள்

'இத்தனை ஆண்டு படித்தால் பெண்ணுக்கு வாழ்க்கை எப்போது?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கவலையை இகழ வேண்டாம். ஆனால் இரு பெண்மணிகளின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணி 1902இல் முதுகலை பெற்றார். பின் மணமாகிக் குழந்தைகளை வளர்த்துக் கொண்டே தொழில் மேலாண்மையின் உளவியலை ஆராய்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக் கழகம், அங்கே தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. அவ்வாய்வு 1914இல் நூலாக வந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகளால் மட்டுமே அவர் பெயர் அச்சிடப்பட்டது. அவர் சோர்ந்து விடவில்லை. மற்றோர் ஆய்வு செய்து 1915இல் பிரௌன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்ற தாய் அவர்! 1924இல் கணவரை இழந்த பின் குடும்பத்தையும் தொழிலையும் தாமே நடத்திப் பேராசிரியராகவும் உயர்ந்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் அவருடைய சிந்தனையில் விளைந்தவை என்பர்.

நம் நாட்டவரான கமலா சௌத்ரி இளமையிலேயே கணவரை இழந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1949இல் சமூக உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அகமதாபாத்தில் 1947இல் அமைந்த நெசவாலை ஆராய்ச்சிக் கழகத்தில், ஆலைகளில் மனித உறவுகளை ஆராயும் பிரிவை நடத்தினார். 1961இல் அந்நகரில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். பஞ்சு தூசியும் தறி இரைச்சலும் நிறைந்த ஆலைகளின் மனிதர்களே அவருடைய ஆய்வுக்குப் பொருள்.

அதே அகமதாபாத்தில் 1953இல் ஏ. கே. ரைஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு நெசவாலையின் தானியங்கித் தறிக் கொட்டகையைப் பார்வையிட்டார். தறிகள் புதியவை, ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. வேலை 12 தனித்தனிப் பணிகளாகப் பிரிந்து கிடந்ததால் எவர் எவரோடு சேர்ந்தவர் என்பது எவருக்கும் விளங்கவில்லை. சிறு சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு தறித் தொகுதியைப் பொறுப்பேற்கலாம் என்ற கருத்தைத் தொழிலாளர்களே ஆர்வத்தோடு ஏற்றுச் செயலாக்கினர். துணி கூடியது, சேதம் குறைந்தது. கதை இத்துடன் முடிந்திருந்தால் ஒரு வெற்றிச் செய்தியாகவே நின்றிருக்கும். ஆனால் 1970இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் அங்கே மீண்டும் சென்று பார்த்தார். ஓரிடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. ஒரு விடை கிடைத்து 17 ஆண்டு கழிந்த பிறகும் 'அது இன்றும் உண்மையா?' என்று திரும்பிச் சென்று பார்க்கும் பொறுமை இருக்கிறதே, அதுதான் ஆராய்ச்சி மனம். அம்மனம் உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

என் அனுபவம்

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் ஒரு காலத்தில் என் பாடத்தில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்திருந்தேன். பெயருக்கு முன் டாக்டர் என்று எழுதிக் கொள்ளும் ஆசைதான் முதற்காரணம். என் வழிகாட்டி முதல் நாளே, "உன் கேள்வி என்னம்மா?" என்று கேட்டார். என்னிடம் தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை. இரண்டாண்டு நூலகத்தில் குறிப்பு எடுத்தேன். கட்டணம் கட்டியது தந்தையின் சேமிப்பிலிருந்து. பின் ஒரு நாள் சொல்லாமலே விட்டு விட்டேன். அந்தப் பணத்தில் என் தங்கை படித்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகவே நீங்கள் சேருமுன் உங்களை நீங்களே கேட்டுக் கொள்ள வேண்டிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, எனக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா? ஐந்தாண்டு அதனோடு உறங்கி எழுந்தாலும் சலிக்காதா? இல்லையென்றால் முதுகலையோடு நின்று வேலைக்குச் செல்வது குறையன்று.

இரண்டாவது, எனக்கு மகிழ்ச்சி தருவது எது? இன்றைய சிக்கலை இன்றே தீர்த்து, பலரோடு பேசிப் பழகுவதா? அல்லது தனியே அமர்ந்து எண்களோடும் ஏடுகளோடும் உழல்வதா? இரண்டு பட்டங்களுக்குமே புள்ளியியல் வேண்டும். கணக்கைக் கண்டு அஞ்சி உளவியலுக்கு வருவோர் ஏமாறுவர்.

மூன்றாவது, வீட்டில் என் வருமானம் எப்போது தேவைப்படும்? இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

நான்காவது, அந்த வழிகாட்டி யார், அவரிடம் பயின்றவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? கல்லூரியின் பெயரைவிட இது முக்கியம்.

ஐந்தாவது, படிப்பு செல்லுபடியாகுமா? வேலை பார்த்துக் கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படிப்பது நம் பகுதியில் பலருக்கு வழக்கமாக இருந்தது. 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் இணைய வழியிலும் உளவியல் பட்டப்படிப்பு நடத்தலாகாது என்று மானியக் குழு அறிவித்தது. விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டி விடாதீர்கள்.

முடிவாக ஒன்று

இவற்றையெல்லாம் குறித்து வைத்துக் கொண்டு அம்மாணவியை அழைத்தேன். இருவரும் அமர்ந்து கணக்குப் போட்டோம். அவள் தந்தை ஓய்வு பெற ஆறு ஆண்டு இருந்தது. முதுகலை முடிக்க ஐந்து ஆண்டு. தந்தை கடைசி ஷிப்டு முடித்து வருமுன் அவள் சம்பாதிக்கத் தொடங்கி விடலாம். நேராக முனைவர் பட்டம் என்றால், உதவித்தொகை கிடைத்தாலொழிய, தம்பியின் படிப்பு நின்று போகும். அவள் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அப்போ முதல்ல எம்.எஸ்சி., டீச்சர். நெட் பரீட்சையும் எழுதிப் பார்க்கிறேன். வேலைக்குப் போய், அங்கே யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒண்ணு என்னைத் தூங்க விடாமப் பண்ணுச்சுன்னா, அப்போ டாக்டர் பட்டத்துக்கு வர்றேன்" என்றாள்.

அதைவிடச் சிறந்த விடையை நான் எந்த நூலிலும் காணவில்லை. முதுகலை முடித்து ஓரிரு ஆண்டு தொழிற்சாலை வாயிலிலும் கொட்டகையிலும் நின்று பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவளிடம் தலைப்பு மட்டுமன்று, கேள்வியும் இருக்கும். கேள்வி எழவே இல்லையானால் அதிலும் இழப்பில்லை. செய்யும் வேலையே நூறு குடும்பங்களுக்குப் பயன்படும். ஆனால் இப்போதே கேள்வி உள்ளத்தில் கனன்று கொண்டிருக்கிறதா, உதவித்தொகையும் கிடைக்கிறதா? அப்படியானால் 'பெண்ணுக்கு இவ்வளவு போதும்' என்று எவர் சொன்னாலும் நிற்காதீர்கள்.

அவள் இப்போது இளநிலை உளவியல் படித்து வருகிறாள். வீட்டில் இச்செய்தியைச் சொன்னபோது அவள் தந்தை சிரித்து விட்டு, "நான் தூங்காம கிடக்கிறது கூட ஒரு படிப்பா?" என்று கேட்டாராம். ஆம் ஐயா, படிப்புத்தான். இது நாள் வரை அதனைப் பெரும்பாலும் வேறு நாட்டார் தம் ஆலைகளை வைத்து எழுதினார்கள். எண்ணூரின் இரவையும் காசிமேட்டின் விடியலையும் அறிந்த பெண்கள் எழுதும் நாள் வர வேண்டும். அவர்களுள் ஒருத்தி இம்மலரை இப்போது கையில் வைத்துக் கொண்டிருக்கக் கூடும். அவளுக்கு என் வாழ்த்துகள்!